லயத்துக் கொல்லையின் வரலாறு

மலாயாத் தமிழர் வழக்கில் ‘தோட்டம்’ என்றாலே பால்மரத் தோட்டந்தான். லயத்து வீட்டின் பின்புறம் முருங்கையும் மிளகாயும் வளர்ந்த சிறு நிலமோ கொல்லை. தோட்டத்தின் வரலாறு கணக்கேடுகளில் பதிந்துள்ளது. கொல்லையின் வரலாறு அதனை உழைத்து வளர்த்தவர் நினைவிலேயே பெரிதும் தங்கிவிட்டது.

தமிழகத்திலிருந்து வந்த உழவர் பருவ அறிவையும் உடன் கொணர்ந்தனர். ஆடிப்பட்டத்தில் விதைத்து, ஐப்பசி கார்த்திகை மழையை நம்பி வாழ்ந்தவர் அவர். இந்நாட்டிலோ ஆண்டு முழுவதும் மழையுண்டு. மேற்குக் கரையில் சித்திரையை ஒட்டியும் ஐப்பசியை ஒட்டியும் மழை மிகும்; கிழக்குக் கரையில் கார்த்திகை முதல் தை வரை வடகிழக்குப் பருவமழை கொட்டும். ஆகவே பட்டத்தைப் புதிதாகக் கற்க நேர்ந்தது. மிளகாய், கத்தரி ஆகியவற்றுக்கு மேட்டுப் பாத்தியும் வடிகாலும் தேவைப்பட்டன. முருங்கையின் வேர் தேங்கிய நீரைத் தாங்காது. ஓயாத மழையில் காய் குறைந்து இலை மிகும். தை, மாசியில் வறட்சி காணும் கெடா, பெர்லிஸ் போன்ற வடபகுதிகளே அதற்கு ஏற்றவை. ஏனைய இடங்களில் அது கீரை மரமாகவே பெரிதும் பயன்பட்டது.

கொல்லைக்குச் சட்டத்திலும் இடம் கிடைத்தது. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத் தொகுப்பு, குடும்பமுடைய தொழிலாளிக்கு ஓர் ஏக்கரில் 1/16 பங்கு பயிர் நிலம் ஒதுக்க வகைசெய்தது. அஃது ஏறத்தாழ 2,700 சதுர அடி. விடியலில் தொடங்கும் பால்வெட்டு முடிந்த பின்னரே அந்நிலத்தில் மண்வெட்டி பிடிக்க முடிந்தது. பயிரிடும் உரிமை தொழிலாளிக்கு இருந்தது. மண்ணின் பட்டா தோட்ட நிறுவனத்திடமே இருந்தது.

1942இல் ஜப்பானியர் ஆட்சி தொடங்கியதும் கொல்லையே உயிர்நிலையாயிற்று. அதுவரை நாட்டின் அரிசியில் பாதிக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வந்தது, அவ்வரவு சுருங்கியது. ரப்பருக்கு மேலைச் சந்தை அற்றது. மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும் சோற்றின் இடத்தைப் பிடித்தன. ரப்பரும் மரவள்ளியும் தென்னமெரிக்காவிலிருந்து பரவியவை. 1877இல் 22 கன்றுகளாகச் சிங்கப்பூர் சேர்ந்த ரப்பர் ஊதியம் தாராதபோது, மரவள்ளி வயிற்றை நிரப்பிற்று. ஆயினும் அக்கிழங்கில் புரதம் மிகக் குறைவு. அதனையே நம்பியவரை ஊட்டக்குறை நோய்கள் வாட்டின. அதனோடு சேர்த்துண்ட முருங்கைக்கீரையும் பிற கீரைகளும் அக்குறையை ஓரளவு ஈடுசெய்தன. பல்லாயிரம் தொழிலாளர் சயாம் இரயில்பாதைக்குக் கொண்டுபோகப்பட்ட நாளில், கொல்லையைக் காத்தவர் பெரும்பாலும் பெண்டிரும் சிறாருமே.

போருக்குப் பின் வேறொரு சோதனை வந்தது. 1950களில் பெருந்தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டன. தொழிலாளரே நிலமுடையவராதல் வேண்டும் என்ற நோக்கில், வீ. தி. சம்பந்தனின் முயற்சியால் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. பின்னர் வந்த பதிற்றாண்டுகளில் பல தோட்டங்கள் வீடமைப்பு நிலங்களாயின. குடும்பங்கள் அடுக்குமாடிகளுக்குப் பெயர்ந்தன.

கீரை ஒரு திங்களில் கைக்கு வரும். மரவள்ளி ஓராண்டுக்குள் கிழங்கு தரும். மாவும் பலாவும் பல்லாண்டு காத்திருக்கச் செய்யும். பட்டா இல்லாத மண்ணில் அம்மரங்களை நட்டவர், தம் மக்களும் அங்கேயே வாழ்வர் என நம்பியே நட்டனர். பெயர்ந்தபோது விதையை முடிந்து எடுத்துச் செல்ல முடிந்தது. மரத்தை எடுத்துச் செல்ல முடியவில்லை.

அக்கொல்லைகளை அறிந்த முதியோர் இன்னும் நம்மிடையே உள்ளனர். எந்தச் செடியை எந்தத் திங்களில் நட்டனர், எந்த மரம் எவ்வீட்டின் பின்னே நின்றது என மாணவர் அவர்களைக் கேட்டு எழுதிவைக்க வேண்டும். நிலம் கைவிட்டுப் போயினும் அதன் வரலாறேனும் அவர்களுக்கு உரிமையாகும்.