பழைய வீ கன்சோலை 'மாட்' செய்து மாரியோ கார்ட் ஆடலாமா? சட்டம் என்ன சொல்கிறது?

2008-ல் வெளியான 'மாரியோ கார்ட் வீ' கேமுக்கான ஆன்லைன் சேவையை நிண்டெண்டோ 2014 மே 20-ல் நிறுத்திவிட்டது. ஆனாலும் பலர் இன்னும் ஆன்லைனில் ரேஸ் விடுகிறார்கள். எப்படி? கன்சோலை 'மாட்' செய்து. இது என்ன, நம்ம ஊரில் சட்டப்படி சரியா?

கையைச் சாய்த்தால் கார் எப்படித் திரும்புது?

வீ ரிமோட்டுக்குள் ஆக்ஸிலரோமீட்டர் இருக்கிறது. போனைச் சாய்த்தால் திரை திரும்புதே, அதே சங்கதிதான். புவியீர்ப்பு எந்தப் பக்கம் இழுக்கிறது என்பதை வைத்து சாய்வைக் கணக்கிடும். கேமுடன் வந்த வெள்ளை ஸ்டீயரிங் வீல் வெறும் பிளாஸ்டிக் கூடு. அதில் எலெக்ட்ரானிக்ஸ் எதுவும் கிடையாது.

'மாட்' என்றால் என்ன செய்வார்கள்?

சால்டரிங் தேவையில்லை, எஸ்டி கார்டு போதும். 2011-ல் வந்த 'லெட்டர்பாம்' முறையில், வீ-யின் மெசேஜ் போர்டில் ஒரு கடிதம் வந்ததுபோல் தெரியும். அதைத் திறந்ததும் மென்பொருளில் உள்ள ஓட்டை வழியாக 'ஹோம்ப்ரூ சேனல்' நிறுவப்படும். பிறகு, தன்னார்வலர்கள் 2014-ல் தொடங்கிய 'வீம்ஃபி' சர்வரில் இணையலாம்.

தப்பு நடந்தால் கன்சோல் செங்கல் மாதிரி ஆகிவிடும். அதனால், 'பூட்மீ' மூலம் உள் மெமரியை முதலில் பேக்அப் எடுப்பது அவசியம்.

சட்டச் சிக்கல் உண்டா?

பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-ல் சேர்க்கப்பட்ட 65ஏ பிரிவு, பாதுகாப்புப் பூட்டை உடைப்பதைக் குற்றமாக்குகிறது. 2 ஆண்டு வரை சிறை, கூடவே அபராதம். ஆனால் அந்தப் பிரிவில் ஒரு முக்கிய நிபந்தனை இருக்கிறது: பதிப்புரிமையை 'மீறும் நோக்கத்தோடு' உடைத்திருக்க வேண்டும். சட்டம் தடுக்காத ஒரு வேலைக்காகச் செய்தால் இந்தப் பிரிவு குறுக்கே வராது.

கணினி மென்பொருளைச் சட்டப்படி வைத்திருப்பவர், அது சேதமானால் உதவ பேக்அப் எடுத்துக்கொள்ளவும் 52-வது பிரிவு இடம் தருகிறது. காசு கொடுத்து வாங்காத கேமை டவுன்லோடு செய்வது வேறு கதை. அதற்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது.

வாங்கும்முன் எதைப் பார்க்கணும்?

அமெரிக்காவில் இருக்கும் அண்ணனோ அக்காவோ கொடுத்த வீ என்றால் உஷார். அதன் அடாப்டர் 120 வோல்ட்டுக்கானது. நம்ம 230 வோல்ட்டில் நேரடியாகச் செருகினால் புகைந்துவிடும். வீ-யில் எச்டிஎம்ஐ கிடையாது. புது டிவியில் ஏவி போர்ட் இல்லாவிட்டால் கன்வெர்ட்டர் வேணும்.

இது ஏன் முக்கியம்?

2006-ல் அறிமுகமான வீ, உலகம் முழுக்க 10 கோடிக்கும் மேல் விற்றது. சர்வர் நின்ற அன்றே, காசு கொடுத்து வாங்கிய கேமின் ஆன்லைன் பாதி எல்லோருக்கும் போய்விட்டது. டிஸ்க் நம்ம கையில் இருந்தாலும் சர்வர் சுவிட்ச் கம்பெனி கையில்தான். இன்று நீங்கள் வாங்கும் டிஜிட்டல் கேமுக்கும் இதே நிலைமை வரலாம்.