யோபுவின் வினாவும் உயிரின் சுழற்சியும்

நல்லோர் துன்புறுவது ஏன்? விவிலியத்தில் யோபு எழுப்பிய இவ்வினா யூதரின் சமய வரலாறு நெடுகிலும் ஒலிக்கிறது. அதற்கு மறுபிறப்பை விடையாகக் கூறத் துணிந்தவர்கள், கபாலா எனப்படும் மறைஞான மரபினர்.

விவிலியத்திலும் தால்மூதிலும் மறுபிறப்புக் கொள்கை வெளிப்படையாகக் கூறப்படவில்லை. 10ஆம் நூற்றாண்டுப் பேரறிஞர் சாதியா காவோன் அதனை அறிவுக்கு ஒவ்வாதது என்று மறுத்தார். எனினும் 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் தென்பிரான்சில் வெளிப்பட்ட 'பாஹிர்' என்னும் நூல் அக்கொள்கையை ஓர் உவமையால் விளக்கிற்று. திராட்சை நட்டவன் புளித்த கனியே கண்டு, நிலத்தைத் திருத்தி, வேலியிட்டு, மீண்டும் நடுகிறான். உயிரும் அவ்வாறே மீண்டும் நடப்படுகிறது. இன்றைய நல்லவனின் துன்பத்திற்கு வேர் முற்பிறவியில் உள்ளது என்பதே இதன் கருத்து. 13ஆம் நூற்றாண்டில் நக்மானிதெஸ், யோபு நூலிலேயே இம்மறைபொருள் பொதிந்திருப்பதாக உரை கண்டார்.

1492இல் யூதர் ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்டனர். அடுத்த நூற்றாண்டில் கலிலேயாவின் சஃபேத் நகரம் மறைஞானியரின் உறைவிடமாயிற்று. 1570 அளவில் அங்கு வந்த ஈசாக் லூரியா, 1572இல் கொள்ளைநோயால் மறைந்தார். அவர் எழுதியவை மிகச் சில. அவருடைய போதனைகளை மாணவர் ஹயீம் விட்டால் தொகுத்தளித்தார். 'கில்குல்', அதாவது சுழற்சி, இங்கே தண்டனை என்னும் எல்லையைக் கடந்தது. ஆதாமின் உயிரில் அடங்கியிருந்த பொறிகள் சிதறின. அவற்றைச் செப்பனிடுதலே ஒவ்வொரு பிறவியின் கடமையாயிற்று. நாடிழந்த மக்களின் அலைவே உயிரின் அலைவாக இங்கு உருக்கொண்டது என்பது அறிஞர் கெர்ஷோம் ஷோலெமின் கருத்து.

ஆயினும் ஆறுதலாகப் பிறந்த விடை குற்றச்சாட்டாகவும் மாறக்கூடும். 2000ஆம் ஆண்டு ஆகஸ்டில், இஸ்ரேலின் முன்னாள் தலைமை ரபி ஓவாதியா யோசேப், நாஜிகளால் கொல்லப்பட்டோர் பாவிகளின் மறுபிறவியர் என்று உரைத்தார். நாடே கொதித்தெழுந்தது. பின்னர் அவர், மாண்டோர் அனைவரும் தூயோரே என விளக்கமளிக்க நேர்ந்தது.

விட்டாலின் மறுபிறப்பு நூல் முடியும் இடம் ஈண்டு நினைக்கத்தக்கது. அதன் இறுதிப் பகுதி பிறர் பாவங்களைப் பட்டியலிடவில்லை. காயீனின் வேரிலிருந்து வந்ததாக அவர் நம்பிய தம் உயிரின் பிறவிகளையும், தாம் செப்பனிட வேண்டியதையுமே அது ஆராய்கிறது. தன்னை நோக்கிக் கேட்கும்போது இவ்வினா கடமையை உணர்த்துகிறது. துன்புறும் பிறரை நோக்கி அதையே விடையாகக் கூறும்போது, யோபுவைக் குற்றம் சாட்டிய நண்பர்களின் குரலாகிவிடுகிறது.