எம்.சி.க்கு முந்தைய இருமல்: கூலாய் மருத்துவமனைப் பணியாளரும் நோய்விடுப்பு விதியும்

சளி, இருமல், காய்ச்சலோடு மருத்துவமனைப் பணியாளர் வேலைக்கு வரக்கூடாது என்பதை எவரும் மறுப்பதில்லை. ஆனாலும் வருகிறார்கள். இதை அறியாமை என்று கொண்டு விளக்கக் கூட்டங்களை நடத்துவது வழக்கம். ஃபிலடெல்பியா குழந்தைகள் மருத்துவமனையில் 536 மருத்துவர்களையும் உயர்நிலைத் தாதியரையும் கேட்டு 2015இல் வெளியிடப்பட்ட ஆய்வு இந்த நம்பிக்கையைத் தகர்த்தது. நோயோடு வேலை செய்வது நோயாளிகளுக்கு ஆபத்து என்று 95 விழுக்காட்டினர் ஒப்புக்கொண்டனர். அவ்வாண்டில் ஒரு முறையாவது அப்படி வந்ததாக 83 விழுக்காட்டினர் கூறினர். உடன் வேலை செய்வோரின் தலையில் சுமை விழும் என்பதே அவர்கள் சொன்ன முதல் காரணம்.

வேலையும் சம்பளமும் ஓரளவு உறுதியாக உள்ள மருத்துவர்களின் நிலையே இது. ஜொகூரின் கூலாயில் உள்ள துமெங்கோங் ஸ்ரீ மகாராஜா துன் இப்ராஹிம் மருத்துவமனை போன்ற அரசு மருத்துவமனைகளில் வார்டைத் துடைக்கும் பெண்ணின் நிலை வேறு. 1997 முதல் மலேசிய அரசு மருத்துவமனைகளின் துப்புரவு, துணி வெளுப்பு, மருத்துவக் கழிவு அகற்றும் பணிகள் குத்தகை நிறுவனங்களிடம் உள்ளன. தாதிக்கு அரசுப் பணி விதி. அதே கட்டிலருகே நிற்கும் துப்புரவாளருக்கு 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம். கிருமி இந்தப் பாகுபாட்டை அறியாது.

அச்சட்டத்தின் 60F பிரிவு, இரண்டாண்டுக்குக் குறைவான பணிக்கு ஆண்டுக்கு 14 நாள், ஐந்தாண்டுக்குள் 18 நாள், அதற்கு மேல் 22 நாள் சம்பளத்தோடு நோய்விடுப்பு தருகிறது. எண்ணிக்கை குறைவென்று சொல்ல முடியாது. சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. விடுப்புக்கு மருத்துவர் பரிசோதித்துச் சான்று (எம்.சி.) தர வேண்டும். 48 மணி நேரத்துக்குள் முதலாளிக்குத் தெரிவிக்காவிட்டால் அனுமதியின்றி வராதவர் ஆகிவிடுவார். விடியற்காலையில் தொண்டை கரகரக்கும்போது கிளினிக் திறந்திருக்காது. காலை வேலையோ தொடங்கிவிடும். எம்.சி. எடுத்தால், தவறாமல் வருவோருக்குத் தரப்படும் வருகைப்படி போய்விடும் என்ற அச்சம் வேறு. ஒரு பனடால் மாத்திரையைப் போட்டுக்கொண்டு பேருந்து ஏறுவதே அவருக்குக் கணக்குப்படி சரியான முடிவு.

மருத்துவக் கணக்கு இதற்கு நேர்மாறானது. இன்ஃபுளுவென்சா கிருமி, அறிகுறி தெரிவதற்கு ஒரு நாள் முன்பே வெளியேறத் தொடங்கி, முதல் மூன்று நான்கு நாள்களில் உச்சத்தில் இருக்கும். சட்டம் சான்றுக்காகக் காத்திருக்கும் நேரமே தொற்று மிகக் கடுமையாகப் பரவும் நேரம். மாத்திரை காய்ச்சலை மறைக்குமே தவிர, தொற்றைத் தடுக்காது. காய்ச்சல் மாத்திரையின்றித் தணிந்து 24 மணி நேரம் கழிந்த பிறகே பணிக்குத் திரும்பலாம் என்று அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் வகுத்தது இதனால்தான்.

மருத்துவமனைக்குள் பரவும் தொற்று என்ன செய்யும் என்பதற்கு எடுத்துக்காட்டு அருகிலேயே உண்டு. ஜொகூர் பாலத்துக்கு அப்பால், 2003இல் சிங்கப்பூரில் சார்ஸ் கண்ட 238 பேரில் 97 பேர் சுகாதாரப் பணியாளர்கள். மொத்தம் 33 பேர் இறந்தனர். அன்றாடம் எல்லை கடந்து வேலைக்குச் செல்வோர் வாழும் தென் ஜொகூருக்கு அந்தப் பட்டறிவு அயலார் கதையன்று. மலேசியாவின் முதல் கோவிட் தொற்றாளர்கள் 2020 ஜனவரியில் கண்டறியப்பட்டதும் ஜொகூர் பாருவில்தான்.

சான்றில்லா விடுப்பைத் தந்தால் பொய்யர் பெருகுவர் என்ற எதிர்வாதம் உண்டு. பிரிட்டனில் ஏழு நாள் வரை பணியாளர் தன் வாக்கையே சான்றாகத் தரலாம். அதனால் அங்கே மருத்துவமனைகள் மூடப்படவில்லை. இருமும் எல்லாரையும் அனுப்பிவிட்டால் வார்டு நடக்காது என்பது இதைவிட வலுவான வாதம். தொற்று தீர்ந்த பின்னும் இருமல் மூன்று வாரம் நீடிக்கக்கூடும். ஆகவே காய்ச்சலுள்ளவர் வீட்டிலும், காய்ச்சல் தணிந்து இருமல் மட்டும் மிஞ்சியவர் முகக்கவரியோடு பணியிலும் இருக்கலாம். ஆனால் பச்சிளங்குழந்தை, புற்றுநோய், டயாலிசிஸ் பிரிவுகளில் வேண்டாம்.

இதைச் செயற்படுத்தப் புதுச் சட்டம் தேவையில்லை. 2024 ஜூன் 1 முதல் நடப்பில் உள்ள திருத்தப்பட்ட பணியிடப் பாதுகாப்புச் சட்டம், குத்தகையாளரின் ஆட்களுக்கும் பணியை ஒப்படைப்பவரைப் பொறுப்பாக்குகிறது. குத்தகை ஒப்பந்தத்தில் மூன்று வரிகள் போதும்: முதல் இரு நாள் சான்றின்றிச் சம்பளத்தோடு விடுப்பு, அந்நாள்களுக்கு வருகைப்படி பிடித்தம் இல்லை, ஒவ்வொரு வேலை நேரத்துக்கும் மாற்று ஆளுக்கான செலவு குத்தகைத் தொகையிலேயே சேரும். மூன்றாவது வரிக்குத்தான் பணம் வேண்டும். பேரம் பேசப்பட வேண்டிய இடமும் அதுவே.