ஹாக்கியில அதிக கோல் அடிச்சது யாரு?

கோவில்பட்டின்னா வெளியூர்க்காரங்களுக்குக் கடலைமிட்டாயும் தீப்பெட்டியும்தான் ஞாபகம் வரும். உள்ளூர்ல கேட்டா மூணாவதா ஒண்ணு சொல்வாங்க. ஹாக்கி. அதனால எங்க ஊர் டீக்கடையில நடக்கிற ஒரு பழைய சண்டையை இங்க எழுதி வைக்கிறேன். உலகத்துலயே அதிக கோல் அடிச்சது யாரு? பெருசுங்க தயான்சந்த்னு சொல்வாங்க. அடுத்த தலைமுறை சோஹைல் அப்பாஸ்னு சொல்லும். ரெண்டு பேர் சொல்றதும் சரிதான். எப்படின்னு பார்ப்போம்.

முதல்ல தயான்சந்த். 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்ஸ்ல அஞ்சே மேட்ச்ல 14 கோல். 1932 லாஸ் ஏஞ்சல்ஸ்ல அமெரிக்காவை 24-1னு அடிச்சப்போ இவர் பங்கு 8, தம்பி ரூப்சிங் பங்கு 10. 1935ல நியூசிலாந்து, ஆஸ்திரேலியா பயணத்துல மட்டும் 201 கோல். ஆனா அந்தப் பயணத்துல எதிர்ல நின்னது பெரும்பாலும் உள்ளூர், மாகாண அணிகள். இப்போ அதையெல்லாம் சர்வதேச கோல்னு சேர்க்கிறதா, வேண்டாமா? சேர்க்கிறதைப் பொறுத்து அவரோட மொத்தக் கணக்கு மாறும். 400க்கு மேலன்னு ஒரு கணக்கு, 185 மேட்ச்ல 570ன்னு ஒரு கணக்கு, ஆயிரத்தைத் தாண்டும்னு இன்னொரு கணக்கு. மூணையும் அச்சுல பார்க்கலாம்.

அடுத்தது நாடுகளுக்கு இடையிலான மேட்ச்சை மட்டும் ஒழுங்கா எண்ண ஆரம்பிச்ச காலம். இதுல ரொம்ப நாள் முதலிடத்துல இருந்தவர் நெதர்லாந்தின் பால் லிட்யென்ஸ். 177 மேட்ச், 268 கோல். பெனால்டி கார்னர் அடிக்கிறதுல கில்லாடி. 2004 அக்டோபர்ல அமிர்தசரஸ்ல, நம்ம அணிக்கு எதிராவே கோல் போட்டு சோஹைல் அப்பாஸ் அந்தச் சாதனையை முறியடிச்சார். 2012 லண்டன் ஒலிம்பிக்ஸோட அவர் ஓய்வு பெறும்போது கணக்கு 348. இதுல வேடிக்கை என்னன்னா, மனுஷன் ஃபுல்பேக். கோலைத் தடுக்க வேண்டிய இடத்துல ஆடுறவர்!

ஃபார்வர்டு ஆளுங்களைத் தாண்டி ஒரு ஃபுல்பேக் எப்படி முதலிடத்துக்கு வந்தார்? தரை மாறுச்சு, ஆட்டம் மாறுச்சு. 1976 மாண்ட்ரியல்லதான் ஒலிம்பிக் ஹாக்கி முதல்முறையா செயற்கைத் தரையில நடந்தது. அதுவரைக்கும் தங்கத்துக்குப் பழகியிருந்த இந்தியாவுக்கு அந்த வருஷம் ஏழாவது இடம். புல்லுலயும் மண்ணுலயும் பந்து எப்படி எகிறும்னு யாருக்கும் தெரியாது. அங்க மணிக்கட்டு வித்தைக்காரன்தான் ராஜா. செயற்கைத் தரையில பந்து கோடு போட்ட மாதிரி ஓடும். கார்னர்ல பந்தை நிறுத்தி அடிக்கிறதை நூறு தரம் பயிற்சி எடுத்தா நூறு தரமும் ஒரே மாதிரி வரும்.

இதோட விதியும் சேர்ந்துக்கிச்சு. பெனால்டி கார்னர்ல முதல் ஷாட்டை ஓங்கி அடிச்சா, பந்து கோலுக்குள்ள இருக்கிற பலகையோட உயரத்துக்குள்ள, அதாவது சுமார் ஒன்றரை அடிக்குள்ள போகணும். ஆனா மட்டையால இழுத்து வீசினா எந்த உயரத்துல போனாலும் செல்லும். இந்தச் சந்துலதான் டிராக் ஃப்ளிக் நுழைஞ்சது. சோஹைல் அதுல மன்னன். நம்ம ஹர்மன்ப்ரீத் சிங்கும் அதே பள்ளிதான். டிஃபெண்டர், 2024ல 200 கோலைத் தாண்டினார். அதே வருஷம் பாரிஸ் ஒலிம்பிக்ஸ்ல அவர் அடிச்ச 10 கோலும் பெனால்டி கார்னர், பெனால்டி ஸ்ட்ரோக்ல வந்ததுதான். இதுல குறைச்சல் ஒண்ணும் இல்ல. வேற காலம், வேற வித்தை, அவ்வளவுதான்.

அமெரிக்காக்காரன் பேஸ்பால்லயும் இதே பஞ்சாயத்து. ஹோம் ரன் பட்டியல்ல பேப் ரூத் 714, 1974ல அவரைத் தாண்டின ஹாங்க் ஆரன் 755, 2007ல அவரையும் தாண்டின பாரி பாண்ட்ஸ் 762. ஆனா கறுப்பர்னு தனி லீக்ல ஒதுக்கப்பட்ட ஜாஷ் கிப்சன் 800 பக்கம் அடிச்சார்னு அவரோட நினைவுப் பலகை சொல்லுது. அதிகாரபூர்வ ஏட்டுல அவர் பேர்ல 200 கூட இல்ல. எந்த மேட்ச்சை எண்ணலாம்னு முடிவு பண்றவன் கையிலதான் பட்டியல் இருக்கு.

நம்ம ஊர்ல எண்ணவே ஆள் இல்லங்கிறதுதான் பெரிய சோகம். புனே பக்கம் கட்கியில தமிழ்க் குடும்பத்துல பிறந்த தன்ராஜ் பிள்ளை நாலு ஒலிம்பிக்ஸ், நாலு உலகக் கோப்பை ஆடினவர். ஃபார்வர்டு, ஓடி ஓடி அடிச்ச கோல்கள். சுமார் 170ன்னு சொல்றாங்க. அதுக்கு ஹாக்கி சம்மேளனத்தோட அதிகாரபூர்வ ஏடு கிடையாது! 90கள்ல ஆடினவருக்கே இந்த நிலைமைன்னா, கரிசல் மண்ணுல ஆடினவங்க கதி?

கோடையில பாளம் பாளமா வெடிக்கும், மழை பெஞ்சா காலைப் பிடிச்சு இழுக்கும் மண்ணு நம்மளது. அந்தப் பூமியில வளர்ந்த எத்தனையோ நல்ல ஃபார்வர்டுகளுக்கு டர்ஃப் கண்ணுல படுறதுக்குள்ள வயசு போயிடுச்சு. அவங்க அடிச்சது எந்தப் பட்டியல்லயும் கிடையாது. இப்போ ஊர்ல டர்ஃப் வந்தாச்சு, ஹாக்கி விடுதி இருக்கு. அங்க பயிற்சி எடுத்த நம்ம ஊர் மாரீஸ்வரனும் அரியலூர் கார்த்தியும் 2022 ஆசியக் கோப்பையில இந்தியாவுக்கு ஆடினாங்க. பாகிஸ்தானுக்கு எதிரான முதல் மேட்ச்லயே கார்த்தி ஒரு கோல் போட்டார். அந்த ஒரு கோல் ஏட்டுல இருக்கு. இனிமே அழியாது.

ஆக, டீக்கடைச் சண்டைக்கு என் தீர்ப்பு: எண்ணினதுல சோஹைல், எண்ணாததுல தயான்சந்த். உங்க ஊர்ல ஹாக்கி ஆடின பெரியவர் யாராவது இருந்தா, எந்த வருஷம், எந்த மைதானம், எத்தனை கோல்னு கேட்டு எழுதி வையுங்க மக்களே. அவங்க சொல்றதுல பத்து கோல் கூடக்குறைய இருந்தா இருந்துட்டுப் போகட்டும் :)