சூடு காத்த துணி

மலாக்கா நகரிலிருந்து வடமேற்கே கடற்கரையை ஒட்டிச் செல்வோர் கிளேபாங்கை அடைவர். செல்வம் படைத்த சீனக் குடும்பங்கள் கடலை நோக்கி மாளிகைகள் எழுப்பி வாழ்ந்த பகுதி அது. இன்று உள்நாட்டு இரப்பர்த் தோட்டங்களை விட்டு வந்த தமிழ்க் குடும்பங்களும் இத்தகைய நகர்ப்புறங்களில் வாழ்கின்றன. மாளிகையில் இருந்தோரும் தோட்டத்தில் இருந்தோரும் ஒரே இனச் செடியின் இலையையே கொதிநீரிலிட்டுப் பருகினர். அதன் சூட்டைக் காக்க இரு சாராரும் நாடியது துணியும் பஞ்சுமே. ஆயினும் அந்தச் சூடு யாருக்காக, எதற்காகக் காக்கப்பட்டது என்று ஆராய்ந்தால், இரு வேறு வரலாறுகள் புலப்படும்.

தேநீர் தமிழருக்குத் தொன்மையான பானமன்று. அதன் பெயரே சீனத்தின் ஹொக்கியன் மொழியில் வழங்கும் ‘தே’ என்னும் சொல்லினின்று பிறந்தது. அசாம் தேயிலை 1839ஆம் ஆண்டு இலண்டனில் முதன்முதலாக ஏலம் விடப்பட்டது. இலங்கையில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். அங்கே கொழுந்து கிள்ளிய கைகள் பெரும்பாலும் தமிழ்ப் பெண்களின் கைகளே. ஆனால் அவர்தம் தாயகச் சிற்றூர்களில் காலையுணவு நீராகாரமும் கூழும் கஞ்சியுமாகவே இருந்தது. தமிழகத்துச் சிற்றூர்களில் தேநீர் பரவலானது இருபதாம் நூற்றாண்டில்தான். ஆகவே, கங்காணியின் பின்னே கப்பலேறி மலாயா வந்தவர் பலருக்கு, தேநீர் பிழைக்க வந்த இடத்தில் படிந்த பழக்கமே ஆகும்.

இங்கிலாந்தில் தேநீர்க் கலயத்தின்மேல் கவிழ்க்கும் பஞ்சுறை 1860களில் வழக்கிற்கு வந்துவிட்டது. ‘டீ கோசி’ என்பது அதன் பெயர். சீனர் அதற்கு வேறொரு வழி கண்டனர். பிரம்புக் கூடையின் உட்புறத்தில் பஞ்சு திணித்த மெத்தை அமைத்து, கலயம் சரியாகப் பொருந்துமாறு அதில் குழி விட்டனர். மூடியிலும் மெத்தை வைத்தனர். மூக்கு மட்டும் வெளியே தெரியும். கலயத்தை எடுக்காமலே கூடையைச் சாய்த்துத் தேநீர் வார்க்கலாம். பஞ்சின் இழைகளுக்கிடையே அசையாது நிற்கும் காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது என்பதே இரண்டிற்கும் அடிப்படை. இவ்விரு கருவிகளும் விருந்தினரை எதிர்நோக்கும் வீட்டிற்கும், உரையாடல் நீளும் மாலைப் பொழுதிற்கும் உரியவை. அவை காத்தது ஓய்வின் சூடு.

அந்த ஓய்விற்கு வேண்டிய செல்வம் எங்கிருந்து வந்தது? மலாக்காவைப் பொறுத்தவரை, அதில் பெரும்பங்கு இரப்பருக்கு உண்டு. சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்தின் தலைவர் ஹென்றி ரிட்லியின் ஊக்கத்தால், பாபா சீனரான டான் சே யான் 1896இல் புக்கிட் லிந்தாங்கில் ஏறத்தாழ 40 ஏக்கரில் இரப்பர் நட்டார். மலாயாவில் வணிக நோக்குடன் இரப்பர் பயிரிட்ட முன்னோடி அவரே. பின்னர் அவர் புக்கிட் அசகானில் பெருந்தோட்டம் அமைத்தார். தோட்டங்கள் பெருகப் பெருகத் தமிழ்த் தொழிலாளரும் பெருகினர்.

பால்மரத்தை வெயில் ஏறுமுன் வெட்டவேண்டும். குளிர்ந்த விடியற்காலையில்தான் பட்டைக்குள் அழுத்தம் மிகுந்து பால் நன்கு வடியும். எனவே, இருள் விலகுமுன்னரே பெரட்டுக்குச் செல்லவேண்டும். அதற்கும் முன்னரே லயத்து வீட்டுப் பெண் அடுப்பு மூட்டவேண்டும். அவளும் பால்வெட்டுக்குச் செல்பவளே. அவள் காய்ச்சிய வெறுந்தேநீர் போத்தலில் புகுந்தது. கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் கண்ணாடி வெடிக்கும். மிக ஆறவிட்டால் பயனில்லை. இந்தப் பக்குவத்தை எந்தப் பள்ளியும் அவளுக்குக் கற்பிக்கவில்லை. இறுக அடைத்த போத்தலைச் சுற்றிப் பழைய சேலைத் துண்டோ கிழிந்த சட்டையோ அமைந்தது. மரங்களை வெட்டி முடித்து, மங்கில் பால் சேரும்வரை கிடைக்கும் சிறு இடைவேளையே பசியாறும் நேரம். காய்ச்சிய தேநீர் அதுவரை சில மணி நேரம் தாங்கவேண்டும். பனியில் நனைந்த உடலுக்கு வெதுவெதுப்பு எஞ்சினாலே போதும். கொதித்த நீராதலின், அது வயிற்றுநோய்க்கும் ஓரளவு காப்பாயிற்று.

இங்கே மாணவர் கருதத்தக்க நுட்பம் ஒன்று உண்டு. உலர்ந்த துணி சூட்டைக் காக்கும். அதே துணி நனைந்தால் சூட்டைப் போக்கும். துணியின் ஈரம் ஆவியாகும்போது போத்தலின் வெப்பத்தையும் கவர்ந்து செல்லும். வெயிற்காலத்தில் ஈரத்துணி சுற்றிய குடம் குளிர்வதும் இதனாலேயே. எனவே பனி சொட்டும் புல்லில் போத்தலை வைக்கலாகாது. நனையாத இடம் பார்த்து வைக்கவேண்டும்.

ஜேம்ஸ் டூவர் 1892இல் வெற்றிடக் குடுவையை உருவாக்கினார். 1904இல் ஜெர்மனியில் தொடங்கப்பெற்ற ‘தெர்மாஸ்’ நிறுவனம் அதை விற்பனைப் பொருளாக்கியது. ஆனால் நாட்கூலியில் வாழ்ந்த குடும்பத்திற்கு, எளிதில் உடையும் விலையுயர்ந்த குடுவையைவிடக் கந்தைத் துணியே நெடுங்காலம் துணை நின்றது.

2008ஆம் ஆண்டு மலாக்கா நகரம் உலக மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்றது. பாபா சீனரின் பழைய இல்லமொன்று அருங்காட்சியகமாகி, அவர்தம் வாழ்க்கைப் பொருள்களைக் காட்டி நிற்கிறது. அது போற்றத்தக்கதே. தோட்டத்து லயங்களோ, 1950களிலும் 1960களிலும் நிகழ்ந்த துண்டாடலிலும், பின்வந்த மேம்பாட்டிலும் பல இடங்களில் மறைந்தன. பிரம்புக் கூடை அழகியது. எனவே அதைப் பாதுகாத்தனர். கந்தை கிழிந்ததும் எறியப்பட்டது. கிழியக் கிழியப் பயன்பட்ட பொருள் காட்சிக்கு எஞ்சுவதில்லை. உழைப்பாளியின் வரலாறு ஏட்டில் ஏக்கராகவும் இறாத்தலாகவும் மட்டும் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

துணி போயிற்று, அதைச் சுற்றிய கைகளுள் சில இன்னும் இருக்கின்றன. கிளேபாங் போன்ற ஊர்களின் வீடுகளில் முதிய பெண்டிர் உளர். எத்தனை மணிக்கு எழுந்தீர்கள், எதில் காய்ச்சினீர்கள், எதைச் சுற்றினீர்கள், யார் முதலில் குடித்தார்கள் என்று பேரப்பிள்ளைகள் கேட்டு எழுதட்டும். ஆசிரியர்கள் அதை ஒரு கட்டுரைப் பயிற்சியாகவே வைக்கலாம். அவ்வேடுகள் ஒன்று சேருமாயின், பால்மரக் காட்டின் வரலாற்றில் ஏக்கர்க் கணக்கோடு ஆளின் கணக்கும் சேரும். அந்தப் பாட்டிமார் இருக்கும்போதே அது செய்யப்படவேண்டும்.