அஞ்சுவண்ணம்

பெயர்ச்சொல். மேலைக்கடல் வணிகர்களின் குழு.

ஐந்து நிறம், ஐந்து சாதி, ஐந்து தொழில் என்றெல்லாம் இச்சொல்லைப் பிரித்துப் பொருள் சொல்வதுண்டு. எண்ணுக்கும் இதற்கும் உறவில்லை. கூட்டம், அவை எனப் பொருள்படும் 'அஞ்சுமன்' என்ற பாரசீகச் சொல், நம் நாவுக்கு ஏற்பத் திரிந்தது என்பதே ஆய்வாளர் பலரின் முடிவு. அதுவே பொருத்தமானது.

வேணாட்டின் பழைய ஆவணமான கொல்லம் தரிசாப்பள்ளிச் செப்பேடு (849) இச்சொல்லைத் தருகிறது. தரிசாப்பள்ளித் தேவாலயத்துக்கு அளித்த உரிமைகளைக் காக்கும் பொறுப்பு அஞ்சுவண்ணத்துக்கும் மணிக்கிராமம் என்ற மற்றொரு வணிகக் குழுவுக்கும் தரப்பட்டது. சாட்சிக் கையெழுத்துகள் கூபி, பகலவி, எபிரேய எழுத்துகளில் உள்ளன. எபிரேய எழுத்தில் ஒப்பமிட்டவர்கள் யூதர்கள்.

சுமார் 1000-ஆம் ஆண்டில், சேர அரசர் பாஸ்கர ரவிவர்மன் முயிரிக்கோட்டிலிருந்து ஜோசப் ரப்பான் என்ற யூதத் தலைவருக்கு அஞ்சுவண்ண உரிமையை அளித்தார். பகல்விளக்கு, பாவாடை, பல்லக்கு, குடை, தோரணம் முதலிய சிறப்புகளோடு 72 உரிமைகள். இவ்வுரிமைகளைப் பொறித்த செப்பேடுகளை 1568-இல் எழுந்த மட்டாஞ்சேரி பரதேசி யூதப்பள்ளி பாதுகாத்து வந்தது.

யூதர்க்கு மட்டும் உரிய பெயர் என்று இதைக் குறுக்குவது தவறு. தமிழில் முஸ்லிம்களையும் குறித்தது. தக்கலையில் சூஃபிக் கவிஞர் பீர்முகமது அப்பா பெயரிலான முஸ்லிம் சங்கத்தின் பெயரில் இன்றும் வழங்குகிறது. அகராதிகள் 'ஐந்து' என்று தொடங்காமல், 'அவை' என்று தொடங்கி இதற்குப் பொருள் எழுத வேண்டும்.