ஏட்டில் இலாபம், பெட்டியில் வெறுமை: பர்மாவில் நகரத்தார் லேவாதேவி, 1929–1941

நாட்டுக்கோட்டை நகரத்தாரின் கணக்கு முறை ஆய்வாளர்களால் பெரிதும் போற்றப்பெற்ற ஒன்று. அன்றாடக் குறிப்பு, பேரேடு, ஐந்தொகை என்ற வரிசையில் ஒரு காசும் தப்பாது பதியப்பெற்ற ஏடுகள் அவை. இத்தகைய ஏடுகளை வைத்திருந்தோரே 1930களில் பர்மாவில் கையில் ரொக்கமின்றித் திணறினர் என்பது வியப்பிற்குரியது. வட்டி வீதம், சாதி அமைப்பு, காலனிய அரசியல் ஆகியவற்றைக் கொண்டே இவ்வீழ்ச்சி பெரும்பாலும் விளக்கப்படுகிறது. இலாபம் என்பதும் கையில் புழங்கும் பணம் என்பதும் வெவ்வேறு என்னும் எளிய உண்மையிலிருந்து இதனை அணுகுவதே பொருத்தமாகும்.

1930ஆம் ஆண்டளவில் பர்மாவில் சுமார் 1,650 நகரத்தார் கடைகள் இருந்தன. அவற்றில் புழங்கிய முதல் ஏறத்தாழ 75 கோடி ரூபாய் என மதிப்பிடப்பட்டது. தொகை பெரிதாயினும் ஒவ்வொரு கடையும் சிறு நிறுவனமே. ஒரு மேலாள், ஓர் அடுத்தாள், ஒரு பெட்டியடிப் பையன் என்ற அளவில் பல கிட்டங்கிகள் இயங்கின. கடன் கொடுத்த பணம் முழுவதும் முதலாளியின் சொந்தப் பணமன்று. உறவினர் வைப்பு, கோயில் பணம், பெண்களின் சீதனப்பணம், அடத்திக் கடைகளிடமும் ரங்கூன் வங்கிகளிடமும் வாங்கிய கடன் ஆகியன அதில் கலந்திருந்தன. ரங்கூன் முகல் தெருக் கோயிலில் கூடி நடப்பு வட்டியை நிர்ணயித்தனர். தவணை வைப்புகள் இரண்டு மூன்று மாதங்களில் முதிர்ந்தன. நிலத்தின்மேல் கொடுத்த கடனோ ஆண்டுக்கணக்கில் நீண்டது. நல்ல விளைச்சல் காலங்களில் இந்த இடைவெளி தெரியவில்லை. அறுவடை முடிந்ததும் பணம் திரும்பி வந்தது.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு இதனை விளக்கும். சொந்த முதல் ஒரு லட்சம், வைப்பு இரண்டு லட்சம் கொண்ட கடையொன்று மூன்று லட்சத்தையும் 12 விழுக்காட்டில் கடன் கொடுத்ததாகக் கொள்வோம். வரவேண்டிய வட்டி 36,000. வைப்புக்கு 8 விழுக்காட்டில் 16,000, கடைச் செலவு 6,000 போக இலாபம் 14,000. அவ்வாண்டு வட்டியில் பாதியே வசூலானால் பெட்டிக்கு வருவது 18,000, வெளியேறுவது 22,000. வரவேண்டியதையும் வரவாகக் கொள்ளும் ஏட்டில் இலாபம் 14,000 என்றே நிற்கும். பெட்டியிலோ 4,000 குறையும். இந்நிலையில் ஒரு வைப்பாளர் தம் முதலைக் கேட்டால் தரப் பணமிராது.

வசூலாகாத வட்டி ஏட்டில் உயிரோடிருக்கச் சட்டமும் ஒரு வகையில் துணை நின்றது. பிராமிசரி நோட்டுக்குக் காலவரையறைச் சட்டப்படி மூன்றாண்டே ஆயுள். ஆகவே கெடு முடியுமுன் முதலையும் வட்டியையும் கூட்டிப் புதிய நோட்டு எழுதி வாங்குவது வழக்கம். பழைய வட்டி புதிய முதலாயிற்று. ஒரு ரூபாயும் கைமாறவில்லை. 1922ஆம் ஆண்டு வருமானவரிச் சட்டத்தின் 13ஆம் பிரிவு வரி செலுத்துவோர் வழக்கமாகக் கையாளும் கணக்கு முறையையே ஏற்றது. ஆகவே ரொக்க அடிப்படையா, வரவேண்டிய அடிப்படையா என்பது வரிப்பிரச்சினையுமாயிற்று. ரொக்க அடிப்படையில் கணக்கு வைத்திருப்பவர் நோட்டு வாங்கியதனாலேயே பணம் பெற்றவராக மாட்டார் என்று தர்பங்கா மகாராஜா வழக்கில் 1933இல் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது. நகரத்தார் வழக்கன்று எனினும் லேவாதேவித் தொழிலின் நாடியைப் பிடித்த தீர்ப்பு அது.

உலகப் பெருமந்தத்தில் நெல் விலை 1920களின் பிற்பகுதியில் இருந்ததில் பாதிக்கும் கீழே இறங்கியது. உழவரால் வட்டியும் கட்ட முடியவில்லை. வங்கிகளும் கடனை இறுக்கின. எஞ்சிய வழி, ஈடாக வைத்த நிலத்தை எடுத்துக்கொள்வதே. 13 முதன்மை நெல் மாவட்டங்களில் 1930இல் நகரத்தார் கையிலிருந்த நிலம் சுமார் 5.7 லட்சம் ஏக்கர். மொத்தத்தில் 6 விழுக்காடு. 1938இல் அது சுமார் 24.7 லட்சம் ஏக்கராகி 25 விழுக்காட்டை எட்டியது. பர்மிய உழவருக்கு இது வாழ்வாதார இழப்பு. அவர்தம் சினத்தில் நியாயமுண்டு. ஆயினும் இதனை நிலப் பேராசை என்று மட்டும் கொள்வது சான்றுக்குப் பொருந்தவில்லை. 1929–30ஆம் ஆண்டின் பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழுவின் முன், வைப்பாளர் கேட்கும்போது கொடுக்க ரொக்கம் வேண்டும், நிலமாக மாறிய பணத்தால் அதற்குப் பயனில்லை என்ற பொருளிலேயே நகரத்தார் தரப்பு வாதிட்டது. மந்தத்தின் முழு வேகம் தாக்குமுன் சொல்லப்பட்ட வாதம் இது என்பதைக் கருத வேண்டும்.

நிலம் ஐந்தொகையில் சொத்தாக நின்றது. ஆனால் குத்தகை நெல்லாக வந்தது, அந்நெல்லுக்கு விலையில்லை. நிலவரியையோ ரொக்கமாகவே கட்ட வேண்டியிருந்தது. எனவே சொத்துப் பெருகப் பெருகப் பெட்டியின் சுமையும் கூடியது. வாங்குவோரில்லாச் சந்தையில் விற்றுத் தப்பவும் வழியில்லை. செட்டிநாட்டில் சீதனப்பணத்தை வைப்பாக நம்பியிருந்த குடும்பங்களுக்கு, இரவாடி ஆற்றுப் படுகையின் வயல்கள் ஏட்டில் ஓர் இலக்கமாகவே இருந்தன.

1941இல் நிலக் கொள்முதல் சட்டம் வந்தது. மறு ஆண்டு சப்பானியப் படை ரங்கூனைப் பிடித்தது. பலர் ஏடுகளை மட்டும் சுமந்துகொண்டு தமிழகம் திரும்பினர். 1948இல் விடுதலை பெற்ற பர்மா நிலத்தை நாட்டுடைமையாக்கியது. உரிய இழப்பீடு வரவில்லை.